அவருடைய எண், என் பெயரில்

எங்கள் கைப்பேசிக் கடையின் கண்ணாடிக் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து பிடித்துக்கொண்டு, வெளியே நின்றபடியே உள்ளே இருக்கும் என்னோடு சத்தமாகப் பேசுவார் அக்கா. ஒரு கால் படியில், இன்னொரு கால் கடைக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில். குளிர் எல்லாம் தெருவுக்குப் போகிறதே என்று மாமா முணுமுணுப்பார்.

"உள்ள வந்து பேசுங்கக்கா."

"ஏர்கோன் எனக்கு ஒத்துக்காது தம்பி. நீ இவங்களப் பாரு" என்பார். கூடவே அழைத்து வந்த ஆளை முதுகில் தொட்டு உள்ளே தள்ளிவிடுவார்.

கடை ஜொகூர் தெப்ராவில், மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே இருக்கிறது. மாமா என்றால் என் அம்மாவின் அண்ணன். கடை அவருடையது, கவுண்டரில் உட்காருவது நான். அக்கா அந்த பிளாட்டின் நான்காம் மாடியில் மகள் தேவியோடு குடியிருந்தார். காலையில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பார். மதியத்துக்கு மேல் யார் வீட்டிலாவது துணி தேய்ப்பார், பிள்ளை பார்த்துக்கொள்வார். கட்டையான உருவம். கைலிக்கு மேல் எப்போதும் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. தோட்டத்தில் அடுத்த நிரையில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அவர் கீழே சிரித்தால் நான்காம் மாடியில் தேவிக்குக் கேட்கும்.

அவர் கூட்டிக்கொண்டு வராத ஆள் அந்த பிளாட்டில் குறைவு. சிம் கார்டு வாங்க வேண்டும், பழைய எண்ணைப் புதுக் கம்பெனிக்கு மாற்ற வேண்டும், பேரன் அனுப்பிய போனில் இணையம் வரவில்லை, எதுவானாலும் அக்காவிடம்தான் முதலில் போவார்கள். அவர் கீழே அழைத்து வருவார். வாசலில் நின்று அவர்கள் சார்பில் என்னோடு பேரம் பேசுவார். "வயசானவங்கடா, பெரிய பாக்கேஜ் தலையில கட்டாத" என்று அதட்டுவார். வேலை முடியும்வரை வெயிலில் நிற்பார். முடிந்ததும் அழைத்துக்கொண்டு போய்விடுவார்.

கிளினிக்கிலும் அப்படித்தான். தபால் நிலையத்திலும் அப்படித்தான். ஆளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருப்பார்.

என் மனைவிக்குக் கடையில் வைத்தே பிரசவ வலி வந்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெங்காயக் கையோடு ஓடி வந்து காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டவர் அக்காதான். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசலை நெருங்கியதும், "தம்பி, என்ன இங்கயே இறக்கி விடு" என்றார்.

"அக்கா, உள்ள வாங்கக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நர்ஸுங்க இருக்காங்க, எல்லாம் பாத்துப்பாங்க. ஏர்கோன்ல எனக்கு மூச்சு முட்டும்."

இறங்கிவிட்டார். மகள் பிறந்த பிறகு வெளியே வந்து பார்த்தேன். பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு மரத்தடியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கைப்பேசியில் குழந்தையின் படத்தைக் காட்டியதும் திரையையே கொஞ்சினார். பிறகு பேருந்து ஏறி வீட்டுக்குப் போனார். என் மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். இவ்வளவு தூரம் வந்தவர் பிள்ளையைக் கையில் வாங்காமல் போய்விட்டாரே என்று.

ஜொகூரில் கைகால் நன்றாக இருப்பவர்கள் பாதிப் பேர் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். அக்காவைப் போல உழைக்கிற ஆள் ஏன் இங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று மாமா ஒருநாள் கேட்டேவிட்டார்.

"பாலத்த நெனச்சாலே எனக்கு வாந்தி வரும் பாய்" என்று சிரித்தார் அக்கா.

தேர்தல் நாளில் நடக்க முடியாதவர்களைக் கைத்தாங்கலாகப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விடுவார். அவர் விரலில் மட்டும் மை இருக்காது. கேட்டால், "என் ஓட்டு பொந்தியான்ல இருக்குலா, யாரு அவ்ளோ தூரம் போறது" என்பார். நாங்களும் நம்பினோம். சோம்பேறித்தனம் என்று கேலி செய்தோம்.

கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பள்ளிகள் எல்லாம் இணையத்துக்கு மாறியபோது அக்காவின் கொடி பறந்தது என்றே சொல்லலாம். வீட்டுக்கு வீடு ப்ரீபெய்ட் மோடம் வாங்கினார்கள். சிம்மைப் போட்டு, பெயர் கொடுத்து, பாஸ்வேர்ட் வைத்து நான் தயார் செய்து தருவேன். மேலே கொண்டுபோனால் கட்டடத்துக்குள் லைன் வராது. அக்கா மோடத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, பின்னால் நீள ஒயரைப் பிள்ளைகள் பிடித்து வர, நடைபாதை முழுக்க நடப்பார். "இங்க ரெண்டு கோடு. இங்க ஒண்ணு. ஆங், இங்க நாலு!" என்று கத்துவார். நாலு கோடு வந்த ஜன்னல் கம்பியில் காய்கறி அலசும் பிளாஸ்டிக் கூடையைக் கட்டி, அதற்குள் மோடத்தை உட்கார வைப்பார். கீழிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலுக்கு ஜன்னல் கூடை தொங்கும்.

பாஸ்வேர்டும் அவர்தான் சொல்வார்.

"எட்டு எழுத்துக்குக் குறையாம வேணும்க்கா."

"அப்ப மீன்குழம்புன்னு போடு. யாரும் மறக்க மாட்டாங்க."

அந்த பிளாட்டில் மீன்குழம்பு, புளிச்சோறு, கருவாட்டுத்தொக்கு என்றுதான் எல்லா வீட்டு இணையமும் திறந்தது.

அந்த வருடத்தில்தான் ஒரு காலை, கடைக் கதவு முழுசாகத் திறந்தது. அக்கா உள்ளே வந்தார். அவரைக் கடைக்குள் பார்த்ததே எனக்கு விநோதமாக இருந்தது. கவுண்டருக்கு எதிரே நின்று இரண்டு கையையும் கண்ணாடி மேல் வைத்தார்.

"தம்பி, லைன் செத்துப்போச்சு. போனும் போச்சு, மோடமும் போச்சு. தேவிக்கு நேத்துலேர்ந்து கிளாஸ் இல்ல."

எண்ணைத் தட்டிப் பார்த்தேன். இரண்டு எண்களும் மூடப்பட்டிருந்தன.

"இது யார் பேர்லக்கா இருக்கு?"

"மூணாவது மாடி மரியா ஆன்ட்டி பேர்ல. அவங்களுக்குன்னு சொல்லித்தான் உன்கிட்ட வாங்குனது."

மரியா ஆன்ட்டி அதற்கு முந்தைய மாதம் இறந்துபோயிருந்தார். கோலாலம்பூரிலிருந்து வந்த அவருடைய மகன், அம்மாவின் பேரில் இருந்த எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போயிருக்கிறார். அதில் இந்த இரண்டும் சேர்ந்து போய்விட்டன.

"இதுக்கா இவ்ளோ பதட்டம்? புதுசு போட்ரலாம், உங்க பேர்லயே. ஐசி குடுங்க."

அடையாள அட்டையைப் படிக்கும் சின்ன இயந்திரத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு கையை நீட்டினேன். கை அப்படியே நீண்டிருந்தது.

"அது இல்ல தம்பி."

"வீட்லயா? தேவிய எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"வீட்லயும் இல்ல."

"தொலைச்சிட்டீங்களா? அலமாக், ஒரு போலீஸ் ரிப்போர்ட் போட்டுட்டா புதுசு..."

"தொலைக்கிறதுக்கு எப்பயாச்சும் இருந்திருக்கணும்ல?"

நான் சிரித்தேன். அக்காவின் வழக்கமான கிண்டல் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. எப்போதும் நான்கு மாடி கேட்கப் பேசுகிறவர், பக்கத்தில் இருக்கும் எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார். "எனக்கு ஐசி கிடையாது. பொறப்புப் பத்திரமும் கிடையாது. ஒண்ணுமே கிடையாது."

பின்னால் பழைய போன் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்த மாமா திருப்புளியைக் கீழே வைத்தார்.

பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்டத்தில் பிறந்தவர் அக்கா. தோட்ட வீட்டிலேயே பிரசவம். அம்மா, அப்பா கல்யாணம் கோவிலில் நடந்ததோடு சரி, பதியவில்லை. பிள்ளை பிறந்ததையும் யாரும் போய்ச் சொல்லவில்லை. அப்பா எங்கோ போய்விட்டார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியர் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டதால் ஆறாம் வகுப்புவரை படிப்பு. கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் ஐசி எடுக்க வேனில் ஏறிப் போனார்கள். அக்கா ஏறவில்லை. அம்மா இறந்த பிறகு, பத்திரம் கேட்டு அலுவலகத்துக்குப் போனால் அம்மாவை அழைத்து வரச் சொன்னார்களாம்.

"இந்த ஊர்லயே பொறந்தவளா நீ?" என்றார் மாமா. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நான் ராமநாதபுரத்துலேர்ந்து அரைக்கால் சட்டையோட கப்பல் ஏறி வந்தவன். எனக்குத் தங்கிக்கன்னு செவப்புக் கார்டு குடுத்தான், அப்புறம் குடிமகன்னு நீலக் கார்டு குடுத்தான். நீ இங்கயே பொறந்து..."

"ஒரு தடவ இமிகிரேஷன்காரங்க புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க பாய். தேவி பொறக்குறதுக்கு முன்ன. முகாம்ல வச்சிருந்தாங்க. ஆபீசரு கேட்டாரு, எந்த நாட்டுக்கு உன்ன அனுப்பணும்னு. நான் சொன்னேன், பெக்கான் நானாஸுக்கு அனுப்புங்கன்னு." அக்கா அப்போதுதான் கொஞ்சம் சிரித்தார். "அவரும் சிரிச்சிட்டாரு. அப்புறம் விட்டுட்டாங்க."

தேவியின் அப்பா நீலக் கார்டுக்காரர்தான். இவரிடம் எதுவும் இல்லாததால் அந்தக் கல்யாணத்தையும் பதிய முடியவில்லை. அவர் பிரிந்து போய்விட்டார். தேவியின் பிறப்புப் பத்திரத்தில் குடிமகள் அல்ல என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியையின் தயவில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி கவுண்டரில் ஐசி கேட்பார்கள். கிளினிக்கில் கேட்பார்கள். தபால் நிலையத்தில், ஓட்டுச்சாவடியில், பாலத்தில். என் கடையில் நானே கேட்பேன். கோவிலுக்குள் போவார், பாசாருக்குள் போவார், எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சமையல்கட்டையே தன் கையில் எடுத்துக்கொண்டார். அங்கெல்லாம் அவருக்கு மூச்சு முட்டவில்லை. ஆறு ஏழு வருடமாக தினமும் பார்க்கிறேன். ஒருநாளும் எனக்கு உறைக்கவில்லை.

மாமா எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "ரெண்டு நம்பரையும் உன் பேர்ல போடு."

"மாமா..."

"போடுடா. புள்ளைக்கு கிளாஸ் போவுதுல்ல."

என் கார்டை இயந்திரத்தில் சொருகினேன். என் முகமும் என் முகவரியும் திரையில் வந்தன. ஒன்று போனுக்கு, ஒன்று மோடத்துக்கு. அக்கா திரையில் இருந்த என் படத்தைப் பார்த்து, "நேர்ல பாக்க நல்லாத்தான் இருக்க" என்றார். கதவைத் திறந்து வெளியே போய், அஞ்சடியில் நின்று மூச்சை இழுத்து விட்டார்.

அடுத்த வருடம் நோன்பு தொடங்குவதற்குச் சில நாட்கள் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரம். என் போனில் அக்காவின் எண் ஒளிர்ந்தது. எடுத்து, "சொல்லுங்கக்கா" என்றேன்.

ஆண் குரல். மலாயில் பேசியது. இந்த எண் யாருடைய பேரில் இருக்கிறது என்று கேட்டது.

"என் பேர்ல."

உணவு பொட்டலம் போடும் ஒரு பட்டறையில் சோதனை நடந்திருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களோடு அக்காவையும் பிடித்திருக்கிறார்கள். அவர் அங்கே வேலைக்குப் போவதே எனக்குத் தெரியாது. தான் உள்ளூர்க்காரி என்றும், எண்ணின் சொந்தக்காரரைக் கேளுங்கள் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அந்த அதிகாரி குரலை உயர்த்தவில்லை. களைத்துப்போன குரல்.

"இவங்க உங்களுக்கு யாரு?"

"எங்க அக்கா."

"கூடப் பொறந்த அக்காவா?"

"இல்ல."

"சரி. நாமா பெனோ?"

முழுப் பெயர். நான் வாயைத் திறந்தேன். அவருக்குப் பெயர் என்ன? என் மகள் பிறந்த அன்று மரத்தடியில் காத்திருந்தவர். பிளாட் முழுக்க அவரை அக்கா என்றது, சின்னப் பிள்ளைகள் தேவியம்மா என்றார்கள். சிம் பதியும்போது என் பெயரைப் போட்டதால் அவர் பெயரைக் கேட்கும் வேலையே எனக்கு வரவில்லை.

"ஹலோ? பேரு தெரியாதா?" என்றார் அதிகாரி.

"ஒரு நிமிஷம் இருங்க சார். இதோ கூப்பிடுறேன்."

நான்கு மாடி ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. தேவி பள்ளிச் சட்டையோடு கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் கூடை.

"தேவி, அம்மாவோட முழுப் பேரு என்னம்மா?"

காதில் இருந்ததைக் கழற்றினாள். என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து நின்று, வகுப்பில் ஆசிரியருக்குப் பதில் சொல்வதைப் போல, அம்மாவின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் சேர்த்துத் தெளிவாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"புடிச்சிட்டாங்களா அங்கிள்?"

"உனக்கு எப்படிம்மா...?"

"யாராச்சும் வந்து அம்மாவோட முழுப் பேரக் கேட்டா, அவங்களப் புடிச்சிட்டாங்கன்னு அர்த்தம்னு அம்மா சொல்லியிருக்காங்க."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்து எடுத்தாள். உள்ளே இரண்டு கைலி, இரண்டு சட்டை, சோப்பு, பல்துலக்கி. எப்போதோ மடித்து வைத்தவை, மடிப்பு பழுத்திருந்தது. "இத அம்மாகிட்ட குடுத்துருங்க. என்னக் கூட்டிட்டுப் போகாதீங்க. நான் வரக்கூடாது."

பதின்மூன்று வயதுப் பெண். அழவில்லை. நான்தான் படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமாவும் நானும் பையோடு தடுப்பு முகாமுக்குப் போனோம். நெடுநேரம் காக்க வைத்து, கம்பி வலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவிட்டார்கள். அக்கா வந்தார். அதே ஆண்பிள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்.

"தம்பி, மோடத்துக்கு நாளையோட முடியுது. நாளான்னிக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்ச. மறக்காம டாப் அப் பண்ணிரு."

பிறகு மாமாவிடம், "என்னால உங்களுக்குத் தொந்தரவு பாய்" என்றார். கடையில் வாய் மூடாத மாமா, வலையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

தேவி எங்கள் வீட்டில் இருந்தாள். என் மனைவியோடு சஹருக்கு எழுந்தாள், எங்களோடு நோன்பு திறந்தாள், என் மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். இலவசமாக வழக்கெடுக்கும் ஒரு பெண் வழக்கறிஞர் கிடைத்தார். இங்கே பிறந்தவர் என்று சத்தியம் செய்து சொல்ல ஆள் வேண்டும் என்றார் அவர். மாமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்ததும் பெக்கான் நானாஸுக்குக் காரை எடுத்தார். தோட்டம் எப்போதோ கைமாறி, தொழிலாளர் லயங்கள் இடிக்கப்பட்டிருந்தன. அவர் கோவிலில் கேட்டார், பள்ளியில் கேட்டார், டீக்கடையில் கேட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் போனேன். சாலையோரம் அன்னாசி விற்கும் ஓர் அம்மாவிடம், பழம் வாங்கியபடியே மாமா அக்காவின் பெயரைச் சொன்னார். அந்த அம்மாவின் கையிலிருந்த கத்தி பாதியில் நின்றது.

"அவளா? உயிரோடவா இருக்கா?"

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஆறாம் வகுப்பு முடிந்ததும் ஆளைக் காணவில்லை. பிரசவத்தில் செத்துப்போய்விட்டாள் என்று யாரோ சொல்ல, எல்லாரும் அப்படியே நம்பியிருக்கிறார்கள். "எங்க அம்மாதான் பாய் அவ அம்மாவுக்குப் பிரசவம் பாத்தாங்க. அதோ, வீட்ல இருக்காங்க. வாங்க" என்று கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எங்களை இழுத்துக்கொண்டு போனார். தாயும் மகளும் வந்து சத்தியப் பத்திரத்தில் கைநாட்டும் கையெழுத்தும் வைத்தார்கள்.

பெருநாள் வந்து போன பிறகுதான் அக்காவை விட்டார்கள். காரை விட்டு இறங்கியவரைத் தேவிக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது.

"பேன் தொல்ல விட்டுச்சு" என்று தலையைத் தடவிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இரண்டாம் மாடிக்குக்கூடக் கேட்டிருக்காது.

அதன் பிறகு விண்ணப்பம், அலுவலகம், காத்திருப்பு என்று வருடங்கள் ஓடின. தேவிக்கு ஒரு விண்ணப்பம், அக்காவுக்கு ஒன்று. முதலில் அக்காவுக்கு இல்லை என்று வந்தது. காரணம் எழுதவில்லை. மறுபடியும் போட்டார்கள், மறுபடியும் இல்லை. தேவிக்குப் பதினேழு வயது நடக்கும்போது அவளுக்கு ஆம் என்று வந்தது. அதற்கும் காரணம் எழுதவில்லை. ஒரே வீட்டில், ஒரே மாதிரிக் கதை. ஒருத்திக்கு ஆம், இன்னொருத்திக்கு இல்லை. வழக்கறிஞர் போனில் சொன்னபோது மாமா மூன்று முறை திருப்பிக் கேட்டார்.

நீலக் கார்டு கைக்கு வந்த அன்றே தேவி கடைக்கு வந்தாள். அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்திருந்தாள். கார்டை அவளே இயந்திரத்தில் சொருகினாள். அவள் படம் திரையில் வந்தது. அக்கா கவுண்டரின் மேல் கவிழ்ந்து அதைப் பார்த்தார். எழுத்து எழுத்தாகப் படித்தார்.

தேவிக்குப் புது எண் போட்டேன்.

"இன்னொண்ணு அங்கிள். அம்மா நம்பர உங்க பேர்லேர்ந்து என் பேருக்கு மாத்துங்க. மோடத்தையும்."

"மோடத்த மாத்து. போன் வேணாம்" என்றார் அக்கா.

"ஏம்மா?"

"வேணாம்னா வேணாம்."

"அம்மா, இத்தன வருஷம் யாரோ பேர்ல ஓட்டுனீங்க. இப்பத்தான் நான் இருக்கேன்ல? நான் உங்க பொண்ணுதானே?" அவள் குரல் உடைந்தது. பையைத் தூக்கிக் கொடுத்த அன்று அழாத பெண், இப்போது கடை நடுவில் நின்று அழுதாள்.

அக்கா கவுண்டரிலிருந்து அந்தக் கார்டை எடுத்தார். சட்டை முனையால் துடைத்து மகள் கையில் வைத்து மூடினார்.

"என்ன மறுபடி புடிப்பாங்கடி. இன்னிக்கில்லன்னாலும் ஒரு நாளைக்கு. அன்னிக்கு என் போன எடுத்து யாருதுன்னு பாப்பாங்க. உன் பேரு வரக்கூடாது. இப்பத்தான் உனக்கு ஒரு பேரு குடுத்துருக்காங்க. அதுக்குப் பக்கத்துல நான் வேணாம்." என் பக்கம் திரும்பினார். "தம்பி, உன் பேர்லயே இருக்கட்டும். இருக்கலாம்ல?"

தலையை ஆட்டினேன். மாமா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தேவிக்குச் செடெனாக் பக்கம் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. இருவரும் அங்கே குடிபோய்விட்டார்கள். அக்காவின் மூன்றாவது விண்ணப்பம் எங்கேயோ ஒரு மேசையில் இருக்கிறது.

வாரத்தில் ஒருநாள், வழக்கமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்த எண் என் போனில் ஒளிர்கிறது. எடுத்துக் காதில் வைப்பேன், ஆனால் நான் முதலில் பேசமாட்டேன். அந்தப் பக்கம் யார் குரல் என்று தெரியும்வரை மூச்சுவிடாமல் காத்திருப்பேன்.

"என்னா தம்பி, பேச மாட்டற? புது வீட்ல ஒரு கோடுதான்லா வருது. எந்த ஜன்னல்ல கட்டலாம், சொல்லு."